சேமிக்காத பதினொன்றாம் தேதி

இளவேனிலின் காதுக்குப் பின்னாலிருந்த சேமிப்பு அட்டையைக் கழற்றி, உறையில் போட்டு, அரக்கு வைத்து, இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய நீதிமன்ற ஊழியருக்கு, தான் பூட்டுவது எதை என்று தெரியாது. உத்தரவு போட்ட நீதிபதிக்கும் தெரியாது. அந்த மருத்துவமனை அறையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கட்டிலில் படுத்திருந்த இளவேனில். அமோனியா பட்டுத் தொண்டை வெந்துபோயிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. இன்னொருவர் ஆழிமுத்து கடலுணவு நிறுவனத்தின் வழக்கறிஞர் தேவராஜன். அவரால் பேச முடியும். பேசவில்லை.

இளவேனிலுக்கு முப்பத்து நான்கு வயது. இருபத்தேழாவது வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு, புதிதாக எதையும் மனதில் தங்கவைக்கும் திறனை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. அதற்கு முந்தைய வாழ்க்கை அப்படியே இருந்தது. அம்மா, அப்பா, ஐ.டி.ஐ. படிப்பு, தயாளனைக் கல்யாணம் செய்துகொண்டது, எல்லாம். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காது. நினைவுகளைப் பிடித்து வைக்கும் காதுப்பெட்டி என்ற கருவியைக் காதுக்குப் பின்னால் பொருத்திய பிறகுதான் அவள் மறுபடி வேலைக்குப் போனாள், ஒரு பெண்ணைப் பெற்றாள், அந்தப் பெண்ணுக்கு மகிழ் என்று பெயர் வைத்ததை மறுநாளும் நினைவில் வைத்திருந்தாள்.

காதுப்பெட்டிக்குள் இரண்டு பாகம். ஒன்று நினைவகம். இடுப்பிலிருக்கும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும்வரைதான் அது எதையும் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் இரண்டு நிமிடத்தில் துடைத்த பலகை. இன்னொன்று சேமிப்பு அட்டை. சுண்டுவிரல் நகம் அளவுதான், ஆனால் மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதியது எழுதியபடி இருக்கும். ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் வீட்டிலிருக்கும் தாங்கியில் பெட்டியைப் பொருத்தினால் அன்று நடந்தது நினைவகத்திலிருந்து அட்டைக்குப் போய்ச் சேரும். காலையில் தேவையானது மட்டும் அட்டையிலிருந்து நினைவகத்துக்குத் திரும்பி வரும்.

மே பதினொன்றாம் தேதி முற்பகல், ஆழிமுத்து நிறுவனத்தின் இறால் பதப்படுத்தும் தொழிற்சாலையில் அமோனியா கசிந்தது. பேக்கிங் கூடத்தில் வேலை செய்த ஆறு பெண்கள், வெளியே பூட்டியிருந்த ஷட்டருக்குப் பின்னால் செத்துப்போனார்கள். குளிரூட்டும் கம்ப்ரசர் அறையில் வேலை செய்த இளவேனிலிடம் முகமூடி இருந்தது, அவள் பிழைத்தாள். அன்று இரவு அவள் மருத்துவமனையில் இருந்தாள். தாங்கி வீட்டில் இருந்தது. மறுநாள் காலை தயாளன் அதை எடுத்துக்கொண்டு வந்து சேர்வதற்குள் நீதிமன்ற ஊழியர் வந்துவிட்டார். ஆகவே சீல் வைத்த அட்டையில் மே பத்து வரைக்கும்தான் இருந்தது. பதினொன்று அவளுடைய நினைவகத்தில் மட்டும் இருந்தது, பேட்டரியின் தயவில்.

சீல் வைக்கக் கேட்டது நிறுவனம் இல்லை. இறந்த பெண்களின் குடும்பத்தார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இளவேனில் நிரந்தரத் தொழிலாளி, செத்தவர்கள் எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள். கம்ப்ரசரை ஓட்டியவளின் கவனக்குறைவுதான் காரணம் என்று நிறுவனம் முதல் நாளே அறிக்கை விட்டது. அவளை விலைக்கு வாங்கிவிட்டார்கள், காதுப்பெட்டியில் இருப்பதை மாற்றி எழுதப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அதற்குள் பூட்டிவிட வேண்டும் என்று அவர்கள் ஓடினார்கள். சாட்சியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வெறும் பெட்டியைப் பூட்டினார்கள்.

ஜூன் மாதம் அவளுக்குக் குரல் திரும்பியது. தொழில் விபத்து விசாரணை மன்றத்தில் முதல் வாய்தா. காதுப்பெட்டியைப் பராமரிக்கும் மையத்தின் பொறியாளர் ஹரிணி என்ற இளம்பெண் விளக்கம் சொல்ல வந்திருந்தாள். அவள் எவ்வளவு சொல்லியும் நீதிபதிக்குப் பிடிபடவில்லை. அட்டையில்தானே எல்லாம் இருக்கிறது, அது பத்திரமாகத்தானே இருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் ஹரிணி அவருடைய மேசையைக் காட்டினாள்.

"ஐயா, இப்ப உங்க மேசை மேல நாலு கட்டு விரிச்சு வச்சிருக்கீங்க. அதுதான் நினைவகம். கீழ ரெக்கார்டு ரூம்ல இருக்கிறது சேமிப்பகம். மே பதினொண்ணுங்கிற கட்டு இன்னும் மேசை மேலயேதான் இருக்கு, கீழ போகல. நீங்க ரெக்கார்டு ரூமைப் பூட்டிட்டீங்க."

"மேசையில இருக்கட்டுமே. நான் அதைப் பார்த்துக்கலாமே."

"மேசைக்குக் கரண்ட் வேணும் ஐயா. கரண்ட் போச்சுன்னா மேசை மேல இருக்கிறது எதுவும் இருக்காது. அப்புறம் அந்த மேசையில முப்பத்தஞ்சு, நாப்பது நாளைக்குத்தான் இடம். நாள் ஆக ஆக ஏதாவது ஒண்ணை எடுத்துப் போட்டாத்தான் புதுசு வைக்க முடியும்."

நீதிபதி புரிந்துகொண்டார். சீலை உடைத்து, பதினொன்றாம் தேதியை அட்டையில் எழுத அனுமதிக்கலாமா என்று எதிர்த்தரப்பைக் கேட்டார். தேவராஜன் எழுந்தார். சத்தமே போடாத மனிதர் அவர். சீல் வைத்த ஆவணத்தில் பிறகு ஒரு எழுத்து சேர்த்தாலும் அது திருத்தப்பட்ட ஆவணம் என்றார். வேறு அட்டையில் எழுதினால் அது நகல், மூலம் இல்லை என்றார். கருவியால் நினைப்பவர் சாட்சி சொல்லத் தகுதியானவரா என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும், ஆய்வகத்தின் கருத்து வேண்டும் என்றார். அதுவரை பெட்டியிலிருந்து எதையும் எங்கேயும் எழுதக் கூடாது என்று உத்தரவு வாங்கினார். இளவேனில் வழக்குக்கு வேண்டியதை மட்டும் கைப்பட எழுதிக் கொடுத்த பதினாறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, சாட்சி கூண்டில் நின்று தன் நினைவிலிருந்து சொல்லட்டும் என்று திருப்பிக் கொடுத்தார்.

வழக்கு ஜூலைக்குத் தள்ளிப்போனது. ஜூலையில் ஆய்வகத்தின் பதில் வரவில்லை. ஆகஸ்டில் தேவராஜனுக்கு உடம்பு சரியில்லை. செப்டம்பரில் ஆய்வகத்தின் பதில் வந்தது, ஆனால் ஒரு பக்கம் குறைந்திருந்தது. ஒவ்வொரு வாய்தாவிலும் அவர் வெளியே போகும்போது இளவேனிலின் இடுப்பிலிருக்கும் பேட்டரியை ஒரு பார்வை பார்ப்பார். பொறுமையாகக் காத்திருக்கிறவனின் பார்வை அது.

அவள் தினமும் விடியற்காலையில் எழுந்து கைபேசியில் பட்டியலைத் திறப்பாள். நினைவகத்தில் இருப்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். எதையாவது நீக்கினால்தான் இன்றைய நாளுக்கு இடம். முதலில் பழைய வேலைப் பயிற்சியை எடுத்துப் போட்டாள். பிறகு உறவினர் வீட்டு விசேஷங்கள். பிறகு மாமியாரின் சாவு. அவை அட்டையில் இருந்தன. அட்டை திரும்பி வந்தால் அவையும் திரும்பி வரும். ஆனால் இந்த மாதங்களில் நடப்பது எந்த அட்டையிலும் இல்லை. அதை நீக்கினால் நீக்கியதுதான்.

மகிழ் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அந்த நாளை இளவேனில் ஆகஸ்ட் வரைக்கும் வைத்திருந்து, பிறகு நீக்கினாள். முன்பல் விழுந்த நாள் செப்டம்பரில் போனது. மே பதினொன்று மட்டும் ஒரு மணித்துளி குறையாமல் இருந்தது. அட்டைக்குப் போன நாள்கள் மறுபடி வரும்போது கொஞ்சம் தூரத்தில் இருக்கும். இது மேசையை விட்டு இறங்கவே இல்லை. கண்ணை மூடினால் ஷட்டரை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்கும், நேற்றுக் கேட்டதுபோல் இல்லை, இப்போது கேட்பதுபோல்.

வீட்டில் தயாளன் பேசுவதைக் குறைத்துக்கொண்டான். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த மகிழ், அம்மா சொல்லிக்கொடுத்த பாட்டைக் கூடச் சேர்ந்து பாடச் சொன்னாள். இளவேனிலுக்கு அந்தப் பாட்டு தெரியவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் அவளுடைய வாயையே பார்த்துவிட்டு அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குத்தான் தயாளன் வாய் திறந்தான்.

"செத்தவங்களை வச்சுக்கிறதுக்காக, உயிரோட இருக்கிறவளைக் கொஞ்சங் கொஞ்சமா அழிச்சிட்டு வர்றே. அவங்க வீட்டு ஆளுங்க உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேங்கிறாங்க. யாருக்காகச் செய்யறே?"

இளவேனில் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். சாதம் ஆறுகிறது என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்கூடக் கோபமாகத்தான் கேட்டது.

அக்டோபர் வாய்தாவில் அடிதடி நடந்தது. மன்றத்தின் தாழ்வாரத்தில் குடும்பத்தார் ஒரு பக்கமாக நிற்பார்கள், இளவேனில் எதிர்ப்பக்கம் தனியாக. இறந்தவர்களில் இளையவள் ரெபேக்கா, வயது இருபத்திரண்டு. அவளுடைய அம்மா சூசையம்மா மீன் விற்கிறவள். அவளிடம் பேச வேண்டும் என்று இளவேனில் அதற்கு முன்பு இரண்டு முறை வீட்டுக்கே போயிருந்தாள். ஒரு முறை கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை திறந்தது, மீன் கழுவிய தண்ணீர் காலடியில் விழுந்தது. இப்போது தாழ்வாரத்தில் மறுபடி பக்கத்தில் போனாள். வாயைத் திறக்கு முன் சூசையம்மா அவளுடைய கூந்தலைப் பற்றிச் சுவரோடு சேர்த்து இழுத்தாள்.

"நீ மட்டும் எப்படிடி வெளிய வந்தே?"

அந்த இழுப்பில் கழுத்து வழியாகப் போன கம்பி பேட்டரியிலிருந்து கழன்றது. காதுக்குள் சின்னதாக ஒரு ஒலி விட்டுவிட்டு அடித்தது. நூற்றிருபது விநாடி. யாரோ சூசையம்மாவைப் பிடித்தார்கள், யாரோ இளவேனிலைத் தள்ளினார்கள். அவள் தரையில் மண்டியிட்டுக் கம்பியின் முனையைத் தேடினாள். அது சூசையம்மாவின் செருப்புக்கு அடியில் கிடந்தது. இளவேனில் அந்தக் காலைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, கம்பியை உருவி, பேட்டரியில் செருகினாள். ஒலி நின்றது. தாழ்வாரத்தின் முனையில் தேவராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் சூசையம்மாவின் பக்கம் போகவில்லை. சொல்ல வேண்டியதைக் கூண்டில் சொல்லிக்கொள்கிறேன், வேறெங்கும் இல்லை என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

நவம்பர் பதினெட்டாம் தேதி அவளைக் கூண்டில் ஏற அனுமதித்தார்கள். நான்கு மணி நேரம் நின்றாள். பத்து நாற்பதுக்கு அலாரம் அடித்ததைச் சொன்னாள். மேலாளர் தணிகாசலத்தை உள்தொலைபேசியில் அழைத்ததையும், அவர் சாவியோடு ஷட்டர்வரைக்கும் வந்ததையும் சொன்னாள். அன்றைக்குத் தணிகாசலம் ஊரிலேயே இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். கம்ப்ரசர் அறைக் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்ததாக அவள் சொன்னாள்: பச்சைக் கயிறு கட்டிய சாவி, வலது கை. வெளிநாட்டிலிருந்து வந்த தர ஆய்வாளர்கள் முன்வாசலில் நின்றிருந்தார்கள். அழுகிற பெண்கள் அவர்களுக்கு முன்னால் ஓடிவரக் கூடாது, ஐந்து நிமிடம் பொறுக்கட்டும் என்று அவர் தொலைபேசியில் யாரிடமோ உரக்கச் சொன்னது கண்ணாடியைத் தாண்டி அவள் காதில் விழுந்தது. நான்கு நிமிடம் நின்றார். புகை அடர்ந்ததும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினார். அவள் வால்வை அடைத்துவிட்டு இரும்புக்கம்பியோடு ஷட்டருக்கு ஓடினாள். நெம்ப முடியவில்லை. அங்கேயே விழுந்தாள்.

தேவராஜன் அந்த நாளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. வேறு இடத்தில் கைவைத்தார்.

"உங்க மகள் எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கிறா?"

இளவேனில் தெரியாது என்று தலையசைத்தாள்.

"போன மாசம் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தது. எந்த ஆஸ்பத்திரி?"

"தெரியாது."

"பெத்த பிள்ளை படிக்கிற இடம் தெரியல. ஆறு மாசத்துக்கு முன்னால ஒருத்தர் கையில இருந்த கயிறு என்ன நிறம்னு மட்டும் தெரியுது. இதை இந்த மன்றம் நம்பணும்."

"ரெண்டுக்கும் இடம் இல்ல சார்" என்றாள் இளவேனில். குரல் உயரவில்லை. "ஜூன்லயே கேட்டிருந்தா எம்பொண்ணு பள்ளிக்கூடத்தையும் சொல்லியிருப்பேன். நீங்க தள்ளித் தள்ளிக் கொண்டுபோனீங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவகிட்டேயிருந்து ஒண்ணை எடுத்துத்தான் இதை வச்சிருந்தேன். நான் எதை விட்டேன்னு பட்டியல் இருக்கு. வேணும்னா அதையும் ஏட்டுல ஏத்திக்குங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். தேவராஜனுக்கு மேற்கொண்டு கேள்வி இருக்கிறதா என்று விசாரித்தார். தேவராஜன் ஒன்றிரண்டு கேட்டார், பிறகு உட்கார்ந்துவிட்டார். நான்கு நாள் கழித்து அட்டையை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், இனி எழுதிக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது.

ஹரிணியின் மையத்தில் தாங்கி தயாராக இருந்தது. ஏழு வருஷம் அட்டையில் பத்திரமாக இருப்பதாக ஹரிணி சொன்னாள். மாமியார், பயிற்சி, மகிழ் பிறந்த நாள், அந்தப் பாட்டு, எல்லாம் வரும். இந்த ஆறு மாதத்தில் நினைவகத்தில் மிஞ்சியிருப்பதை எழுத வேண்டுமா, முழுவதையுமா என்று கேட்டாள்.

"நேத்தையும் முந்தாநேத்தையும் எழுதுங்க. மத்தது வேண்டாம்."

"மே பதினொண்ணு?"

"அதுதான் முதல்ல வேண்டாம்."

ஹரிணி தயங்கினாள். ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தினால் அது உலகத்தில் எங்கேயும் இருக்காது என்றாள். நீதிமன்ற ஏட்டில் இருக்கிறது என்று இளவேனில் சொன்னாள். ஆறு பேரும் ஆறு மாதமாக ஓயாமல் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள், இனி முடியாது என்றாள். வழக்குக்கு வெளியே யாரிடமாவது சொல்ல வேண்டியது அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று ஹரிணி கேட்டாள். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

ஒருத்தி இருந்தாள். இளவேனிலுக்குக் காலடியில் விழுந்த மீன் தண்ணீரும், கூந்தலைப் பற்றிய கையும், காதுக்குள் அடித்த ஒலியும் ஒன்றாக வந்தன. உச்சந்தலையில் அந்த இடம் இன்னும் தொட்டால் வலித்தது.

"யாரும் இல்ல" என்றாள்.

ஹரிணி கம்பியைக் கழற்றினாள். ஒலி இரண்டு நிமிடம் அடித்து நின்றது.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தணிகாசலத்துக்கும் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த இயக்குநருக்கும் சிறை. தொழிற்சாலையை மூடினார்கள். இளவேனிலுக்கு இதையெல்லாம் தயாளன்தான் சொன்னான். கசிவு நடந்தது, நீ சாட்சி சொன்னாய், ஜெயித்தது என்று. அவள் யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள். ரெபேக்காவைத் தெரியும், மதியச் சாப்பாட்டை அவளோடு பங்குபோட்டுத் தின்றது அட்டையில் இருந்தது. அவள் எப்படிச் செத்தாள் என்பது இல்லை. மகிழ் மறுபடி மடியில் வந்து உட்கார ஆரம்பித்திருந்தாள்.

தீர்ப்பு வந்த மறுவாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் வயதான பெண் ஒருத்தி வந்து நின்றாள். இளவேனில் அவளை உள்ளே கூப்பிட்டு, யார் வேண்டும் என்று கேட்டாள். தயாளன் பின்னாலிருந்து வேகமாக வந்து, ரெபேக்காவோட அம்மா என்று தணிந்த குரலில் சொன்னான். இளவேனில் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். சூசையம்மா உட்காராமல் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று இளவேனில் கேட்டதை அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள், அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்க வக்கீல் ஏட்டைப் படிச்சுக் காட்டினாரும்மா. எம்பொண்ணு உங்கிட்ட என்னமோ சொல்லி அனுப்பிச்சாளாம்ல."

இளவேனில் தயாளனைப் பார்த்தாள். அவன் அலமாரியிலிருந்து சாட்சியத்தின் சான்றிட்ட நகலை எடுத்து வந்தான். கடைசிக்கு முந்தைய பக்கம். அவள் விரலை வைத்துப் படித்தாள்.

*சாட்சி: ஷட்டருக்கு உள்ளே இருந்து ரெபேக்கா என்னிடம் பேசினாள்.*

*எதிர்த்தரப்பு: அவர் பேசியது சாவியைப் பற்றியா, மேலாளரைப் பற்றியா?*

*சாட்சி: இல்லை. அவங்க அம்மாவிடம் சொல்லச் சொன்னது.*

*எதிர்த்தரப்பு: வழக்குக்குத் தொடர்பில்லாதது.*

*மன்றம்: ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. சாட்சி அதைச் சொல்லத் தேவையில்லை.*

அதற்குக் கீழே அடுத்த கேள்வி இருந்தது, வால்வு அடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று. இளவேனில் தாளைத் திருப்பினாள். மறுபடி முன்னால் திருப்பினாள். வேறு எதுவும் இல்லை.

தயாளன் சூசையம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஏதாவது சொல், எதையாவது சொல் என்று கையால் சாடை காட்டினான். சொல்லலாம்தான். அம்மாவைப் பார்த்துக்கச் சொன்னாள், அழ வேண்டாம்னு சொன்னாள். எந்த அம்மாவும் நம்பக்கூடியவை. இளவேனில் வாயைத் திறந்தாள். ரெபேக்கா எப்படிப் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவள் பேசாத ஒன்றை அவள் வாயில் வைக்க மனம் வரவில்லை.

"எங்கிட்ட இல்லம்மா" என்றாள். "அந்த நாளு எங்கிட்ட இல்ல. அழிச்சிட்டேன்."

சூசையம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவள் கத்தவில்லை.

"அதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லாம விட்டே?"

ஏன் என்று இளவேனில் யோசித்துப் பார்த்தாள். நான்கு தெரு தள்ளி இருக்கும் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கத் தனக்கு என்ன காரணம் இருந்திருக்கும் என்று அவளுக்கும் விளங்கவில்லை. அதுவும் அவளிடம் இல்லை. தெரியலம்மா என்றாள்.

சூசையம்மா எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கொடுத்தால் வந்துவிடும் என்பதுபோல, இளவேனிலின் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.